கான்ஸ்டன்டைனுக்கு முந்தைய 280 வருடம்: அரசன் இல்லாமல் கிறிஸ்தவம் எப்படிப் பரவியது?

பொருநைக்கரை:
வணக்கம் நண்பர்களே. போன வாரம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தபோது பேச்சு இந்தப் பக்கம் திரும்பியது. எனக்கு மாமா முறை ஒருவர், நிறைய வாசிப்பவர், "கான்ஸ்டன்டைன் என்ற ராஜா சேர்ந்ததால்தான் இந்த வேதம் உலகத்துக்கு வந்தது, இல்லையென்றால் எருசலேமோடு முடிந்திருக்கும்" என்று அடித்துச் சொன்னார். சுற்றி இருந்த எல்லாரும் ஆமாம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இயேசு சிலுவையில் அறையப்பட்டது கி.பி. 30 அல்லது 33 வாக்கில். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனும் அவரோடு ஆட்சியைப் பகிர்ந்த லிசினியஸும் மிலானில் கூடி, கிறிஸ்தவர்கள் தடையில்லாமல் வழிபடலாம் என்று முடிவெடுத்தது 313இல். நடுவில் 280 வருடம், ஏறக்குறைய பத்துத் தலைமுறை. இந்தப் பத்துத் தலைமுறைக்கும் இவர்களிடம் படை கிடையாது, பதவி கிடையாது, எவனாவது காட்டிக்கொடுத்தால் உயிர் போகலாம். அப்படி இருந்தும் பரவியிருக்கிறது என்றால் யார் கொண்டு போனார்கள்?

எனக்குத் தோன்றும் பதில், அப்போஸ்தலர் பவுல் ரோம் சபைக்கு எழுதிய கடிதமான ரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வெறும் பெயர்ப்பட்டியல் என்று சபையில் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவோம். பவுல் அதை எழுதியது 57 வாக்கில், அதுவரை அவர் ரோமாபுரியை மிதித்ததே இல்லை. ஆனால் அந்த ஊரில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பேர் சொல்லி வாழ்த்துகிறார். அதாவது பவுல் போவதற்கு முன்பே அங்கே சபை இருந்தது, ஒன்றல்ல, ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றாகப் பல. அந்தப் பெயர்களில் பல, அடிமைகளுக்கும் விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் வைக்கப்படும் பெயர்கள். கூடாரத் தொழில் செய்த பிரிஸ்கில்லா, ஆக்கில்லா தம்பதி இருக்கிறார்கள். கெங்கிரேயா துறைமுகத்துச் சபையின் பெபேயாள் இருக்கிறாள், நிருபத்தைச் சுமந்து போனதே அவள்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. ரோமில் முதலில் இதைப் போய்ச் சொன்னது யார் என்று எந்த ஏட்டிலும் பேர் இல்லை. வியாபாரத்துக்குப் போனவர், விற்கப்பட்டுப் போனவர், கட்டிக்கொடுக்கப்பட்டுப் போனவர், இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கணக்குப்புள்ளி:
நல்ல இழை அண்ணா. எண்ணிக்கையில் இருந்து வருகிறேன். ரோட்னி ஸ்டார்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1996இல் ஒரு கணக்குப் போட்டார். கி.பி. 40இல் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொண்டு, பத்து வருடத்துக்கு 40 சதவீதம் என்று ஏற்றிக்கொண்டே போனால் 100ஆம் ஆண்டில் சுமார் 7,500 பேர் வருகிறார்கள், 200இல் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல், 300இல் அறுபது லட்சத்துக்கும் மேல். ரோமப் பேரரசின் மக்கள்தொகையை ஆறு கோடி என்று வைத்தால் பத்தில் ஒருவர்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 40 சதவீதம்தான். பெரிதாகத் தெரிகிறது, ஆனால் வருடத்துக்கு என்று பிரித்தால் மூன்றரை சதவீதம்கூட இல்லை. முப்பது பேர் கூடும் ஒரு வீட்டுச் சபைக்கு வருடம் ஒரு ஆள் புதிதாக வந்தால் போதும்! பக்கத்து வீட்டுக்காரி, சின்னம்மா மகன், கூட வேலை செய்பவன், இவர்களில் ஒருவர். திரள் திரளாக மனம் மாறியதாகக் கற்பனை செய்யத் தேவையே இல்லை. கூட்டுவட்டி மாதிரி, முதல் நூறு வருடம் கண்ணுக்கே தெரியாது, பிறகு திடீரென்று எங்கு பார்த்தாலும் இருப்பது போலத் தெரியும். முதல் நூற்றாண்டில் வெளியார் எழுதியதில் கிறிஸ்தவர்களைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமல் போனதற்கும் இது பொருந்துகிறது.

ஐயங்கொண்டான்:
கணக்குப்புள்ளி சொல்வது அழகான கணக்கு, ஆனால் அது கணக்கு மட்டுமே. ஆயிரம் என்ற தொடக்கம் ஊகம், சீடர்களின் வரலாற்றைச் சொல்லும் வேதாகம நூலான அப்போஸ்தலர் நடபடிகளோ பெந்தெகொஸ்தே நாள் ஒன்றிலேயே மூவாயிரம் பேர் என்கிறது. பத்தாண்டுக்குப் பத்தாண்டு ஒரே வேகத்தில் எதுவும் வளர்வதில்லை. சிறிய ஆசியாவில் (இன்றைய துருக்கி) வேகம், மேற்கே கால் (இன்றைய பிரான்ஸ்) பக்கம் மந்தம், ஒரு ஊரில் அழிந்தே போயிருக்கும். ஸ்டார்க்கே இதை ஒரு மாதிரிக் கணக்கு என்றுதான் வைத்தார்.

பொருநைக்கரையின் மாமாவை முழுதாகத் தள்ளிவிடவும் மாட்டேன். பத்தில் ஒருவர் என்பது பெரும்பான்மை ஆனது நாலாம் நூற்றாண்டில், அதில் அரசின் கை நிச்சயம் இருக்கிறது. கான்ஸ்டன்டைன் குருமாருக்கு அரசுச் சுமைகளில் இருந்து விலக்குத் தந்தார், பெரிய ஆலயங்கள் கட்டினார், 325இல் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டினார். ஆனால் அரச மதமாக அறிவித்தது அவர் இல்லை, அது 380இல் தெயோடோசியஸ் காலம். 390களின் தொடக்கத்தில் பலியிடுவதற்கே தடை, அலெக்சாந்திரியாவின் செராபிஸ் கோயில் இடிப்பு எல்லாம் வருகின்றன. அதையும் நாம் மறைக்காமல் பேச வேண்டும். முதல் 280 வருடம் ஒரு கதை, அடுத்த 80 வருடம் வேறு கதை.

பொருநைக்கரை:
ஒத்துக்கொள்கிறேன் ஐயா. இரண்டையும் நான் பிரித்துக் கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தெரிய வேண்டியது முதல் கதை. கான்ஸ்டன்டைன் கைப்பிடிப்பதற்கு அங்கே ஒன்று இருந்தது அல்லவா, அது எப்படி வந்தது என்பதுதான்.

எழுத்தாணி:
ஒரு விஷயம் விட்டுப்போகிறது. ஆரம்பத்தில் இது தனி மதமே இல்லை. இயேசு யூதர், பேதுரு யூதர், பவுலும் கடைசிவரை தன்னை யூதன் என்றே சொன்னவர். மெசியா வந்துவிட்டார் என்று நம்பிய ஒரு யூதக் கூட்டம், அவ்வளவுதான். எருசலேமில் அதை நடத்தியவர் இயேசுவின் சகோதரர் யாக்கோபு.

பரவுவதற்கான வாய்க்காலும் யூதர்கள் முன்பே வெட்டி வைத்தது. அலெக்சாந்திரியா, அந்தியோகியா, எபேசு, கொரிந்து, ரோம் என்று பெரிய ஊர்கள் எல்லாவற்றிலும் ஜெப ஆலயம் இருந்தது, வேத புத்தகம் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டிருந்தது, யூதராக மாறாமலே ஓய்வுநாள் தோறும் வந்து கேட்டுக்கொண்டிருந்த புறஜாதியார் (யூதர் அல்லாதவர்கள்) ஒரு கூட்டம் இருந்தது. 'தேவனுக்குப் பயந்தவர்கள்' என்று நடபடிகளில் வருவார்களே, அவர்கள்தான். விருத்தசேதனமும் (ஆண்களுக்கு நுனித்தோலை நீக்கும் சடங்கு) உணவு விதியும் அவர்களுக்குத் தடையாக இருந்தன. 49 வாக்கில் எருசலேமில் கூடி, புறஜாதியார் விருத்தசேதனம் செய்ய வேண்டியதில்லை என்று முடிவானபோது அந்த மடை திறந்தது. இந்த ஒரு முடிவு இல்லாமல் மற்ற எதுவும் நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

பவுலின் காலத்தை இவ்வளவு திட்டமாகச் சொல்ல முடிவதற்கும் ஒரு கல் காரணம். கொரிந்துவில் கல்லியோன் என்ற அதிபதி முன் பவுலை இழுத்துக்கொண்டு போனார்கள் என்று நடபடிகள் 18இல் இருக்கிறது. அதே கல்லியோன் பெயர் பொறித்த கிளவுதியு பேரரசரின் கல்வெட்டு டெல்பியில் துண்டு துண்டாகக் கிடைத்தது, அதை வைத்து அவர் அங்கே இருந்தது 51-52 என்று சொல்கிறார்கள். பவுலின் மீதி வருடங்களை எல்லாம் இந்தக் கல்லில் கயிறு கட்டித்தான் அளக்கிறோம்.

வைகைக்கரை அக்கா:
தம்பி பொருநைக்கரை, உன் கேள்வியை வாசித்ததும் எனக்கு என் பாட்டி ஞாபகம். பாட்டிக்குப் பவுல் என்றால் தெரியாது, சின்னப்பர் என்றால்தான் தெரியும், பேதுரு இராயப்பர். பக்கத்து வீட்டில் முளைப்பாரி, பொங்கல் என்றால் ஒரு தூக்கில் கொண்டு வருவார்கள். வாங்கிக்கொள்வதா, படைத்ததா இல்லையா என்று கேட்பதா, கேட்டால் மனம் புண்படுமே என்று வீட்டில் ஒரு தவிப்பு இருக்கும். வளர்ந்த பிறகு கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தை வாசித்தபோது, அதே தவிப்பு இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் அந்த ஊரிலும் இருந்ததைப் பார்த்து அசந்துபோனேன். விக்கிரகத்துக்குப் படைத்த கறியைச் சாப்பிடலாமா? பவுல் சொன்ன பதில், கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடு, ஆனால் இது படைத்தது என்று ஒருவன் சொன்னால் அவன் மனச்சாட்சிக்காக விட்டுவிடு.

இதே கறிக்கதை ரோமாபுரி அரசாங்கக் கடிதத்திலும் வருகிறது. 112 வாக்கில் கருங்கடல் ஓரத்துப் பித்தினியா மாகாணத்தை ஆண்ட பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதியது. கோயில்கள் வெறிச்சோடிக் கிடந்தன, பலிக்கறியை வாங்க ஆள் இல்லை, இப்போது மறுபடி விற்கத் தொடங்கியிருக்கிறது என்று எழுதுகிறார். எல்லா வயதிலும் எல்லா நிலையிலும் ஆணும் பெண்ணுமாக, நகரத்தில் மட்டுமல்ல கிராமங்களிலும் பரவிவிட்டது என்கிறார். இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்ததில் கிடைத்தது இவ்வளவுதான்: குறிப்பிட்ட ஒரு நாளில் விடிவதற்கு முன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபச்சாரம் செய்யமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், பிறகு கூடிச் சாதாரண உணவு சாப்பிடுகிறார்கள்.

இன்னும் உண்மை வேண்டும் என்று இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாக அவரே எழுதுகிறார். அந்தச் சபையில் அவர்களுக்கு 'ஊழியக்காரிகள்' என்று பெயராம். பெபேயாளுக்கு நம் பழைய வேதாகமம் தரும் அதே சொல். ஒரு மாகாணத்துக்கே ஆளுநர், கையில் சாட்டையோடு, இரண்டு அடிமைப் பெண்கள் முன்னால் நிற்கிறார், அந்த ஊர்ச் சபையின் பொறுப்பு அவர்கள் கையில் இருக்கிறது. எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போக முடிவதில்லை.

ஐயங்கொண்டான்:
அக்கா, டிராஜன் எழுதிய பதிலையும் சேர்க்க வேண்டும்: தேடிப் பிடிக்க வேண்டாம், பிடிபட்டு மறுக்காவிட்டால் தண்டி, பெயரில்லாத மொட்டைக் கடிதாசியை ஏற்காதே. 280 வருடமும் இடைவிடாமல் வேட்டையாடினார்கள் என்று நாம் நினைப்பது சரியல்ல. 64இல் நீரோ ரோமில் செய்தது கொடூரம், ஆனால் அது அந்த நகரத்தோடு. மற்றவை ஊருக்கு ஊர் அவ்வப்போது. பேரரசு முழுவதற்கும் முதல் ஆணை பேரரசர் டேசியஸ் காலத்தில், 249-250இல்தான்.

அதிலும் ஒரு பாடம். எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றார் டேசியஸ். அந்தச் சான்றிதழ்கள் எகிப்து மணலில் பாப்பிரஸ் தாள்களாக நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. "எப்போதும் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் வார்த்தேன், பலியிட்டேன், படைத்ததை ருசித்தேன்" என்ற தோரணையில் இருக்கும். கிறிஸ்தவர்களில் ஏராளமானோர் பலியிட்டார்கள், பலர் காசு கொடுத்துத் தாளை மட்டும் வாங்கினார்கள். எல்லாரும் இரத்தசாட்சிகள் இல்லை. பிறகு இவர்களைத் திரும்பச் சேர்ப்பதா வேண்டாமா என்று வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜிலும் ரோமிலும் பெரிய சண்டை, சபையே இரண்டாகப் பிரிந்தது. பயந்தவர்களையும் தவத்துக்குப் பிறகு ஏற்றுக்கொண்ட பக்கம்தான் பெரிதாக வளர்ந்தது.

வெள்ளுடை:
நான் இருபது வருடமாகச் செவிலியர் வேலை பார்க்கிறேன், அதனால் எனக்கு இந்தக் கதையில் முக்கியம் கொள்ளைநோய். 249 வாக்கில் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஒரு பெரிய நோய் பேரரசைச் சுற்றியது, கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் அதன் அறிகுறிகளை விவரித்ததால் அவர் பெயராலேயே அதைச் சொல்கிறார்கள். அலெக்சாந்திரியா ஆயர் டயோனிசியஸ் எழுதிய கடிதத்தில், மற்றவர்கள் நோயாளிகளை உயிர் போகும் முன்பே தெருவில் தள்ளினார்கள், நம்மவர்களோ தங்களைப் பார்க்காமல் நோயாளிகளைப் பார்த்து, அவர்களோடே செத்தும் போனார்கள் என்கிறார்.

மருந்தே இல்லாத காலத்தில் என்ன பார்த்திருக்க முடியும் என்று கேட்பீர்கள். தண்ணீர் கொடுப்பது, கஞ்சி ஊட்டுவது, துணி மாற்றுவது. எழுந்து தண்ணீர் மொண்டு குடிக்க முடியாத ஒரு நோயாளிக்குப் பக்கத்தில் ஆள் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை நான் வார்டில் எத்தனையோ இரவு பார்த்திருக்கிறேன். பிழைத்து எழுந்தவன் யாரை நினைப்பான்? தன் வாயில் தண்ணீர் விட்டவளைத்தான். அவள் கும்பிடுவது யாரை என்று அவனே கேட்பான்.

ஐயங்கொண்டான்:
மதிப்போடு கேட்கிறேன் சகோதரி. அந்தக் கடிதம் கிறிஸ்தவ ஆயர் தம் மக்களைப் பற்றித் தாமே எழுதியது. வெளிச்சாட்சி உண்டா?

வெள்ளுடை:
உண்டு ஐயா, அதுவும் எதிரியிடம் இருந்து. 361 முதல் 363 வரை ஆண்ட ஜூலியன் கிறிஸ்தவத்தை விட்டு விலகிப் பழைய தெய்வங்களைத் தூக்கி நிறுத்தப் பாடுபட்டவர். கலாத்தியாவில் இருந்த தம் தலைமைப் பூசாரிக்கு எழுதும்போது, இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளை மட்டுமல்ல நம் ஏழைகளையும் சேர்த்துப் பராமரிக்கிறார்கள், நாம் நம்மவர்களையே கவனிக்கவில்லை என்பது எல்லார் கண்ணிலும் படுகிறதே என்று வெட்கப்பட்டு எழுதுகிறார். அது பிந்தைய காலம் என்றால், 251 வாக்கில் ரோம் ஆயர் கொர்னேலியுஸ் எழுதிய கடிதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது: 46 குருக்கள், 7 உதவிக்காரர்கள், அப்புறம் சபை சோறு போட்ட விதவைகளும் ஏழைகளும் 1,500 பேருக்கு மேல். துன்புறுத்தல் நடந்த அதே வருடங்களில்!

மன்னார்க்காற்று:
இலங்கையில் இருந்து எழுதுகிறேன். எல்லாரும் ரோமையே பார்க்கிறீர்கள். மாமாவுக்கான பதில் கிழக்கில் இருக்கிறது. எடெஸ்ஸா, நிசிபிஸ், பாரசீகம் என்று சிரியாக் மொழி பேசியவர்கள் வழியாகப் போன கிளைக்குக் கான்ஸ்டன்டைன் உதவவில்லை, அவரால் உபத்திரவம்தான் வந்தது. ரோமப் பேரரசன் கிறிஸ்தவன் ஆனதும் பாரசீகத்துக் கிறிஸ்தவர்கள் எதிரி நாட்டு ஆட்கள் என்ற சந்தேகத்துக்கு ஆளானார்கள், 340 வாக்கில் இருந்து பாரசீக மன்னர் இரண்டாம் ஷாபூர் அவர்களைக் கொன்று குவித்தார். அப்படியும் அந்தச் சபை அழியவில்லை. 635இல் அலோபென் என்பவர் சீனத் தலைநகரம் வரை போனதாக 781இல் அங்கே நாட்டிய கல் சொல்கிறது.

அதே கிளைதான் எங்கள் பக்கமும் வந்தது. 6ஆம் நூற்றாண்டில் கோஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர், இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் சபை இருந்ததையும், மிளகு விளையும் மலே (மலபார்) கரையில் கிறிஸ்தவர்கள் இருந்ததையும் எழுதினார். அனுராதபுரத்தில் 1912இல் கிடைத்த கற்சிலுவையை அந்தச் சபையோடு இணைத்துப் பார்ப்பவர்கள் பலர்.

கணக்குப்புள்ளி:
அப்படியானால் இயேசுவின் சீடர் தோமா? அவர் உயிர்விட்டதாகச் சொல்லப்படும் சென்னைப் பரங்கிமலையை எப்படி விடுவது?

மன்னார்க்காற்று:
தம்பி, தோமாவை இந்தியாவோடு சேர்த்துச் சொல்லும் பழைய நூல் 3ஆம் நூற்றாண்டில் சிரியாக்கில் எழுந்த தோமாவின் பணிகள். அதில் வரும் கோந்தபோரஸ் அரசனை வெறும் கதை என்று நினைத்தார்கள், 19ஆம் நூற்றாண்டில் அவன் நாணயங்கள் கிடைத்தன. ஆனால் அவன் ஆண்டது வடமேற்கில், இன்றைய பாகிஸ்தான் பக்கம். பரங்கிமலையில் 1547இல் கிடைத்த பஹ்லவி (பழைய பாரசீக) எழுத்துச் சிலுவையும், கொல்லத்தில் 849இல் வட்டெழுத்தில் பொறித்த தரிசாப்பள்ளிச் செப்பேடும் பாரசீகத் தொடர்பைக் காட்டுபவை, முதல் நூற்றாண்டுக்குச் சான்று அல்ல. மறுபக்கம், முசிறிக்கு அன்றைக்கே ரோமக் கப்பல்கள் வந்துகொண்டிருந்ததால் ஒருவர் வந்திருக்க வழி நிச்சயம் இருந்தது. கேரளத்து நஸ்ரானிகளின் (தோமா வழி வந்தவர்கள் என்று சொல்லும் கிறிஸ்தவர்கள்) தலைமுறை நினைவை மதிக்கிறேன், சான்றையும் சான்றாகவே வைக்கிறேன்.

பொருநைக்கரை:
தோமாவுக்குத் தனி இழை திறக்கலாம் ஐயா, நிச்சயம் வருகிறேன். வைகைக்கரை அக்கா சொன்ன இரண்டு பெண்களிடமே என் மனம் திரும்பத் திரும்பப் போகிறது. மாகாணம், ஏறக்குறைய வருடம், ஆளுநர் பேர், பேரரசர் பேர் எல்லாம் இருக்கிறது. அந்த இரண்டு பேருக்கும் பேர் எழுதி வைக்கவில்லை. பிழைத்தார்களா என்றும் பிளினி எழுதவில்லை.

எழுத்தாணி:
இப்படிப் பேர் தெரியாத எளியவர்கள்தான் பரப்பினார்கள் என்பதை எதிரிகளே குறையாகச் சொன்னார்கள். 178 வாக்கில் செல்சஸ் என்ற தத்துவவாதி, கம்பளி வேலைக்காரன், செருப்பு தைப்பவன், வண்ணான் இவர்கள்தான் வீடுகளுக்குள் புகுந்து பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஏளனமாக எழுதினார். அவருடைய நூல் தொலைந்துபோனது, மறுத்து எழுதிய கிறிஸ்தவ அறிஞர் ஓரிஜன் வரிக்கு வரி எடுத்துக்காட்டியதால்தான் நமக்குத் தெரிகிறது. ஏளனத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பரவிய வழியை அப்படியே சொல்லிவிட்டார்.

இன்னொன்று. 303இல் பேரரசர் டயோக்ளீசியன் கிறிஸ்தவர்களுக்கு எதிராகப் போட்ட ஆணைப்படி வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா ஊரில் கிறிஸ்தவர்கள் கூடிய வீட்டைச் சோதனை போட்டுப் பட்டியல் எடுத்தார்கள். தங்கக் கிண்ணம் இரண்டு, வெள்ளிக் கிண்ணம் ஆறு, விளக்குகள். அப்புறம் பெண்களுக்கான அங்கி 82, முக்காடு 38, ஆண்களுக்கான அங்கி 16, ஆண்கள் செருப்பு 13 ஜோடி, பெண்கள் செருப்பு 47 ஜோடி. தானம் கொடுக்கச் சேர்த்து வைத்தவை என்பது பலர் கருத்து. அதிகாரி எழுதிய ஜப்திக் கணக்கில், அந்தச் சபைக்கு வந்துபோனவர்கள் யார் என்பது செருப்பு எண்ணிக்கையிலேயே தெரிகிறது.

வைகைக்கரை அக்கா:
தம்பி, பேர் இல்லையே என்று வருத்தப்பட்டாய். 2005இல் இஸ்ரேலில் மெகிதோ சிறைச்சாலை வளாகத்துக்குள் தோண்டியபோது 3ஆம் நூற்றாண்டுத் தொழுகைக் கூடம் ஒன்றின் தரை கிடைத்தது, கான்ஸ்டன்டைனுக்கு முந்தியது. சின்னச் சின்னக் கற்களைப் பதித்துக் கிரேக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். தரைக்குக் காசு கொடுத்தவர் காயானுஸ், ரோமப் படையின் நூற்றுவர் தலைவர், 'நம் சகோதரர்' என்று போட்டிருக்கிறது. இன்னொரு பக்கம் பிரிமில்லா, கிரியாக்கா, தொரோத்தேயா, கிரேஸ்தே என்று நாலு பெண்களின் பேரைச் சொல்லி இவர்களை நினைவுகூருங்கள் என்று இருக்கிறது. மூன்றாவதாக ஒரு வரி: தேவனை நேசிக்கும் அகெப்தூஸ், தேவனாகிய இயேசு கிறிஸ்துவுக்கு நினைவாக இந்த மேசையைக் கொடுத்தாள்.

அந்த மேசையைச் சுற்றித்தான் அவர்கள் சாப்பிட்டிருப்பார்கள்.

பொருநைக்கரை:
அகெப்தூஸ். எழுதி வைத்துக்கொண்டேன் அக்கா. ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போகிறேன், அந்த மேசைக்காரியில் இருந்து தொடங்குகிறேன்.